கச்சான் காற்றில் பட்டம், ஹப்புத்தளை மேட்டில் ட்ரோன்

ஆடி, ஆவணியில் ஊவா மலைகளில் அடிக்கும் கச்சான் காற்று இரண்டு விஷயங்களுக்குப் பேர்போனது. கொழுந்தை வாட்டி ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி மணத்தைக் கொடுப்பது ஒன்று. அந்தப் பருவத்துத் தூளைக் கொழும்பு ஏலத்தில் காத்திருந்து வாங்குவார்கள். மற்றது தோட்ட லயத்துப் பிள்ளைகளின் பட்டம். மூங்கில் சிம்பு, பழைய பத்திரிகைத் தாள், கோதுமை மாப் பசை, தையற்காரரிடம் கெஞ்சி வாங்கிய நூல். பசறையிலும் மடுல்சீமையிலும் ஹாலிஎலயிலும் மலைச்சரிவில் நின்று பட்டத்தை விட்டால் அது ஏறிக்கொண்டே போகும். நூல் தீரும்வரை உயரம்தான்.

கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சுதந்திரம் இல்லை. பட்டக் காலம் வந்தால் விமான நிலையத்துக்கு அருகே பட்டம் விடாதீர்கள் என்று அறிவித்தல் வந்துவிடும். நூல் இயந்திரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்பது விளங்காத காரியமல்ல. ஊவாவிலோ பயணிகள் விமான நிலையம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வானத்தைப் பற்றி யாரும் வந்து எதுவும் சொன்னதில்லை.

தடையெல்லாம் தரையில்தான் இருந்தது. பட்டம் அறுந்து பெரிய துரையின் பங்களாத் தோட்டத்தில் விழுந்தால் போனது போனதுதான். காவல்காரன் கண்ணில் பட்டால் அப்பாவுக்குப் பெரட்டில் ஏச்சு விழும். தோட்டம் என்பதே வேலி போட்ட ஒரு நாடு. உள்ளே யார் வரலாம், யார் வரக்கூடாது, வெளியூர்ச் சொந்தக்காரர் லயத்தில் எத்தனை இரவு தங்கலாம் என்பதெல்லாம் துரையின் சொல்லில் இருந்தது. 1930களில் தொழிற்சங்கம் பேச வந்தவர்களுக்குத் தோட்டத்துப் பாதையே மறுக்கப்பட்டது. அத்துமீறி நுழைதல் என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்தில் தொழிலாளியைக் கட்டிப்போடுவதற்கான கயிறு.

அந்த வேலியை ஊவாவே ஒருமுறை பிடித்து உலுக்கியது. 1940 மே மாதம் பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்து நடப்பதாகத் துரை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஒழுங்கை நிலைநாட்ட ஆயுதத்தோடு வந்த பொலிசாரின் ஆயுதங்களையும் தொழிலாளர்கள் பறித்துவிட்டார்கள். இடதுசாரிச் சமசமாஜக் கட்சியின் வரலாற்றில் இடம்பெறும் சம்பவம் அது. நீடிக்கவில்லை, அடக்கப்பட்டது. ஆனாலும் வேலியைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வியை மலையகம் நேரடியாகக் கேட்ட தருணங்களில் அதுவும் ஒன்று.

இன்று அந்தப் பங்களாக்களில் சில சுற்றுலா விடுதிகள். எல்லயில் இறங்கும் வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும் தேயிலை மலைக்குள் யாரையும் கேட்காமல் நடந்து போகிறார்கள். காவல்காரர் சிரித்துக் கை காட்டுகிறார். தரையில் வேலி தளர்ந்துவிட்டது. வேலி இப்போது வானத்துக்கு ஏறியிருக்கிறது.

விமான நிலையத்துக்கு அருகே ட்ரோன் பறக்கக்கூடாது என்பதன் கணக்கு எளிமையானது. தரையிறங்கும் விமானம் பொதுவாக மூன்று பாகைச் சரிவில் இறங்கும். ஓடுபாதை முனையிலிருந்து 5 கிலோமீற்றர் தூரத்தில் அது 260 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கும். 2 கிலோமீற்றரில் சுமார் 100 மீற்றர்தான். சாதாரணமாக ட்ரோன்களுக்குப் பல நாடுகள் வைத்திருக்கும் உச்ச உயரம் 120 மீற்றர். ஆக, ஓடுபாதையை நெருங்க நெருங்க விமானம் ட்ரோனின் உயரத்துக்கே இறங்கி வருகிறது. 2018 டிசெம்பரில் இலண்டன் கெட்விக் விமான நிலையத்தில் ட்ரோனைக் கண்டதாக வந்த தகவல்களாலேயே ஏறத்தாழ 1,000 பறப்புகள் குழம்பி, 140,000 பயணிகள் நத்தாருக்கு முன்னே தவித்துப்போனார்கள்.

ஊவாவில் கணக்கு தலைகீழாக நிற்கிறது. இங்கே விமானம் இறங்கி வருவதில்லை, மலை ஏறி அதைச் சந்திக்கிறது. தெற்கே சமவெளியில் வீரவில விமானப்படைத் தளம். 2013 மார்ச்சில் திறந்த மத்தள விமான நிலையமும் அங்கேதான். தியத்தலாவையில் விமானப்படையின் பயிற்சி முகாமும் இராணுவக் கல்லூரியும் இருக்கின்றன. ஊரே ஒரு படை நகரம். 1900இல் போயர் யுத்தக் கைதிகள் ஏறத்தாழ 5,000 பேரை வெள்ளைக்காரன் அடைத்து வைத்ததும் இங்கேதான், ஆகவே ‘உள்ளே வராதே’ பலகைக்கு இந்த ஊரில் வயது அதிகம். நில அளவைத் திணைக்களத்தின் பயிற்சி நிறுவனமும் அங்கேதான் இருக்கிறது. வானிலிருந்து நிலத்தை அளக்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்கும் ஊரிலேயே வானத்தில் கமெராவை ஏற்றுவதற்குத்தான் மிக அதிகமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஹப்புத்தளை மேட்டில் நின்றால் இந்த வித்தியாசம் இன்னும் தெளிவாகும். வடக்கே தேயிலை, தெற்கே தரை அப்படியே சரிந்து வெல்லவாயப் பக்கத்துச் சமவெளியில் போய் முடிகிறது. ட்ரோனின் திரையில் தெரியும் உயரம் அது கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. லிப்டன் ஆசனத்தில் நின்று 50 மீற்றர் ஏற்றி, அப்படியே தெற்கே அனுப்பினால் திரை 50 என்றுதான் காட்டும். அதற்குக் கீழே தரையோ முந்நூறு, ஐந்நூறு மீற்றர் என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். ஏற்றியவர் சட்டத்துக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். அவருடைய ட்ரோன் சிறிய விமானங்களும் ஹெலிகொப்டர்களும் பறக்கும் உயரத்தில் நிற்கும். மலை நாட்டில் உயரவிதியை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான். சமவெளிக்காரர் எழுதிய விதியை மலையில் நின்று அப்படியே படித்தால் தவறான பதில்தான் வரும்.

மலை வானம் இரக்கமற்றது என்பதற்கு மலையகத்துக்குச் சாட்சி தேவையில்லை. 1974 டிசெம்பர் 4ஆம் திகதி இரவு சுராபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவை நெருங்கிய டச்சுக் கம்பனியின் டிசி-8 விமானம் மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். தூரக்கணக்கு பிசகியதுதான் காரணம். அந்த மலைத் தொடரின் தோட்டங்களில் இன்றும் வயதானவர்கள் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். ஊவாவுக்கும் ஒரு நாள் வந்தது. 2020 ஜனவரி 3ஆம் திகதி காலை, வீரவிலயிலிருந்து கண்காணிப்புக்காகக் கிளம்பிய விமானப்படையின் வை-12 ரகச் சிறு விமானம் ஹப்புத்தளைப் பக்கத்து மலையில் விழுந்தது. அதிலிருந்த நான்கு பேரும் உயிர் தப்பவில்லை.

அந்த விபத்தில் ட்ரோன் எதுவும் இல்லை. அந்தச் சரிவுகளுக்கு மேலே மனிதர் ஏறிய விமானங்கள் தாழப் பறக்கின்றன என்பதற்காகத்தான் அதை இங்கே எடுக்கிறேன். எல்லையில்லாத வானம் என்று சுற்றுலாப் பயணி நினைப்பது ஒருவருடைய வேலைத்தளம். இன்னொன்றையும் யோசிக்காமல் இருக்க முடியவில்லை: மேலிருந்து பார்த்துவிட்டு வருகிற வேலையில் பலவற்றை இன்று ஆளில்லா விமானம் செய்துவிடும், விழுந்தாலும் யாருடைய வீட்டிலும் ஒப்பாரி கேட்காது.

சட்டம் என்று பார்த்தால் எதுவும் புதிதல்ல. 1944இல் சிக்காகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, விமானி இல்லாத விமானம் ஒரு நாட்டின் மேலே விசேட அனுமதியின்றிப் பறக்கக்கூடாது என்கிறது. 9ஆம் பிரிவு தடைசெய்த பகுதிகளை வகுக்கும் உரிமையை அந்தந்த நாட்டுக்குக் கொடுக்கிறது. பட்டம் விட்ட பிள்ளைகளின் தாத்தாமார் துரைக்குக் கூழைக்கும்பிடு போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே ட்ரோனுக்கான வேலி எழுதப்பட்டாயிற்று. இலங்கையில் 1950ஆம் ஆண்டின் விமானப் பறப்புச் சட்டம் வந்தது. இப்போது 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சேவைச் சட்டத்தின் கீழ் இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை விதி செய்கிறது. ட்ரோன்களை எடையின்படி பிரித்துப் பதிவு, அனுமதி என்று கேட்கிறது. வெளிநாட்டவர் கொண்டுவந்தால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியும் வேண்டும். இந்தியா 2021 ட்ரோன் விதிகளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் போட்டு, விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் வட்டத்தை 45 கிலோமீற்றரிலிருந்து 12 ஆகக் குறைத்தது. மதுரையில் ஒரு கல்யாண வீடியோக்காரர் கைபேசியில் நிறத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். பதுளைக்காரர் இன்னும் ஆளைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்.

பதுளை நகரத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு 2019 ஏப்ரல் மறக்காது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து நான்காம் நாள், 25ஆம் திகதி, ட்ரோன் உட்பட எல்லா ஆளில்லா விமானங்களும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. சித்திரை வைகாசி தோட்டத்தில் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் அம்மன் திருவிழாவுக்கும் உரிய காலம். ஒரு தலைமுறைக்கு முன்னே வீடியோ என்றால் தோளில் பெரிய கமெரா, பின்னால் வயரை இழுத்துக்கொண்டு ஒரு பையன், மாப்பிள்ளையின் முகத்தில் வெள்ளை வெளிச்சம். இப்போது ஊர்வலம் லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவே வளைந்து வருவதை மேலிருந்து எடுக்காவிட்டால் அது கல்யாண அல்பமே இல்லை. அந்தப் பருவத்தில் ட்ரோன்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. அந்தத் தடையைத் தவறென்று சொல்ல மாட்டேன். வானத்திலிருந்து குண்டு விழுந்ததை இந்த நாடு பார்த்திருக்கிறது; 2007 மார்ச்சில் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கியது சின்னஞ்சிறிய விளையாட்டு விமானம் போன்ற ஒன்றுதான்.

ட்ரோனின் சத்தத்துக்கு எங்கள் ஆட்களிலேயே இன்னொரு கூட்டத்தாரிடம் வேறு நினைவு. 1977லும் 1983லும் கலவரத்துக்குத் தப்பி ஊவாத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் அங்கே வருஷக்கணக்காகத் தலைக்கு மேலே கேட்ட இரைச்சல் விமானப்படையின் ஆளில்லா வேவு விமானத்துடையது. வன்னியில் அதற்கு வண்டு என்று பெயர். வண்டு வந்து போனால் அடுத்தது கிபிர் போர்விமானம் வரும், ஷெல் வரும். இப்போது பசறையில் அக்கா மகளின் கல்யாணத்துக்கு வந்து நிற்கும் அந்தச் சித்தப்பா, வீடியோக்காரர் ட்ரோனை ஏற்றியதும் கமெராவைப் பார்த்துச் சிரிப்பதில்லை. கூரை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். இதை எந்த விதியிலும் எழுத முடியாது. ஆனால் கல்யாண வீட்டுக்காரர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லிவைக்கலாம்.

இனி, எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற இடம். தடைப்பட்டியல் யாரையெல்லாம் காக்கிறது என்று பாருங்கள். ஓடுபாதை, முகாம், பெரிய விகாரை, முக்கியஸ்தர் கூடும் இடம். எல்லாம் நியாயமானவை. இவற்றுக்கு நடுவில் லயத்துப் பீலிக்கரை எங்கே?

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் எடுக்க வருகிறவர்களில் பலரிடம் ட்ரோன் இருக்கிறது. பாலத்தை எடுத்துவிட்டு அப்படியே தேயிலை மலைக்கு மேலே ஓட்டுகிறார்கள். மேலிருந்து பார்க்க லயம் அழகு: துருப்பிடித்த தகரக் கூரை, வரிசை வரிசையான வாசல், வாசலில் காயும் துணி. அந்த அழகுக்குள் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. குளிப்பது பீலியில், வெட்டவெளியில். பெண்கள் காலம் காலமாக நேரம் பார்த்து, குறுக்குக் கட்டோடு, ஒருவருக்கொருவர் மறைப்பாக நின்று குளித்துப் பழகிய இடம் அது. ஆண்கள் அந்தப் பாதையில் வரும்போது இருமிக்கொண்டு வருவது ஊர் மரியாதை. ட்ரோன் இருமுவதில்லை.

கொழுந்தெடுக்கும் பெண்களைக் கேட்டால் அவர்கள் முதலில் சொல்வது வேறு: குளவி. வேலைத்தளத்தில் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்கு ஓடுவது தோட்டத்தில் மாதம் தவறாத செய்தி. உயிர் போனதும் உண்டு. கூடு கட்டிய மரத்துக்குப் பக்கத்தில் இரைச்சலோடு ஒன்று சுற்றினால் என்ன நடக்கும் என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. படம் எடுப்பவர் பாலத்தடியில் பத்திரமாக நிற்பார். கூடையோடு மலையில் நிற்பவள் எங்கே ஓடுவாள்?

யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்று நினைக்கும் நல்ல மனுசனும் நிலத்துக்குரியவரிடம்தான் கேட்பான். உலகம் முழுவதும் வழக்கம் அதுதான். தோட்டத்தில் நிலத்துக்குரியவர் யார்? 1970களில் அரசு எடுத்துக்கொண்டது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது. நான்கு தலைமுறை அதே காம்பராவில் பிறந்து செத்த குடும்பத்துக்கு அந்தக் காம்பராவின் மேல் ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. ஆகவே ட்ரோன்காரர் ஆபிசுக்குப் போகிறார், துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ சொல்கிறார், வேலை முடிந்தது. அன்று யார் உள்ளே வரலாம் என்று தீர்மானித்த அதே மேசை, இன்று மேலே யார் பறக்கலாம் என்பதற்கும் தலையாட்டுகிறது.

இவ்வளவும் சொன்னதற்காக லயத்து ஆட்கள் ட்ரோனைக் கண்டால் கல்லெறிவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். இப்போது அந்த நிறுவனத்தார் ட்ரோனைக் கொண்டுவந்து சரிவைப் படம் பிடிக்கும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. தேயிலைக்கு நடுவே கீறல் எங்கே தொடங்கி எங்கே போகிறது என்பது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. மேலே ஏறினால் தெரியும். ஒரு வயதானவர் என்னிடம் கேட்டார்: “தம்பி, படம் புடிச்சிட்டுப் போறாங்க சரி. அந்தப் படத்த எங்களுக்குக் காட்ட மாட்டாங்களா?”

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டு 600க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மண்சரிவில் அதிகம் அடிபட்டவை கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்கள். பாதைகள் அறுந்தபின் மலைக்கிராமங்களுக்கு ஹெலிகொப்டர்தான் வழி. அந்த நாட்களில், அக்கறையாலோ யூடியூப் ஆசையாலோ, கையில் ட்ரோன் இருந்த எல்லாருக்கும் கை பரபரத்திருக்கும். அங்கேதான் தடையின் அருமை தெரியும். அதே ஆண்டு ஜனவரியில் லொஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயை அணைக்க வந்த கனடா நாட்டு விமானத்தின் இறக்கையில் ஒருவருடைய சின்ன ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது, ஆனால் தீ எரிந்துகொண்டிருந்தபோது அது பழுது பார்க்க நிறுத்தப்பட்டது. பள்ளத்தாக்குக்குள் மூடுபனியில் இறங்கும் ஹெலிகொப்டருக்கு அப்படி நடந்தால் இறங்குவதற்குச் சமதரையும் இருக்காது. பேரிடர் நேரத்தில் தனியார் ட்ரோனைத் தரையில் வை என்று சொல்லும் அதிகாரியோடு எனக்கு வழக்கு இல்லை.

வழக்கு மற்ற நாட்களைப் பற்றியது. வீட்டுக்கு மேலே வானம் யாருடையது என்று நீதிமன்றங்கள் முன்பே கேட்டிருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு கோழிப்பண்ணைக்காரர், இராணுவ விமானங்கள் கூரையை உரசுவதுபோல் பறந்ததால் கோழிகள் மிரண்டு சுவரில் மோதிச் செத்தன என்று வழக்குப் போட்டார். 1946இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், நிலத்துக்காரனுக்கு ஆகாயம் முழுவதும் சொந்தம் என்ற பழைய கொள்கையைத் தள்ளிவிட்டு, ஆனாலும் இவ்வளவு தாழப் பறப்பது நிலத்தையே எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்றது. இங்கிலாந்தில் 1977இல் ஒரு பிரபு, தன் மாளிகையை விமானத்திலிருந்து படம் எடுத்தார்கள் என்று வழக்காடித் தோற்றார். நிலத்தைச் சாதாரணமாக அனுபவிக்கத் தேவைப்படும் உயரம் வரைதான் உரிமை என்று தீர்ப்பு. கோழிக்காரரும் பிரபுவும் நீதிமன்றப் படி ஏறியதற்கு ஒரே காரணம், இருவரிடமும் நிலத்துக்குப் பத்திரம் இருந்தது.

2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடந்த விழாவில், இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் கீழ் சுமார் 2,000 தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் கொடுக்கப்பட்டன. மலையகத்தில் பத்து வருஷமாகப் புழங்கும் கணக்கு வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் நிலம், அதாவது 177 சதுர மீற்றர் அளவு. ட்ரோன் அதைக் கடக்க இரண்டு விநாடி ஆகாது. ஆனாலும் அந்த வாசலுக்கு மேலே ட்ரோனை நிறுத்திவைக்க ஆபிசில் வாங்கிய சம்மதம் இனிச் செல்லாது; கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். கேட்காமல் பறந்தால் பொலிசுக்குப் போகலாம், போனால் முதல் கேள்வி “யாருடைய ட்ரோன்?” என்பதாகத்தான் இருக்கும். 50 மீற்றர் உயரத்தில் சுற்றுவதன் பதிவு இலக்கத்தை எந்தக் கண்ணாலும் வாசிக்க முடியாது. அமெரிக்காவில் இதற்காக, பறக்கும்போதே தன் அடையாளத்தை வானொலி அலையில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று ட்ரோன்களுக்கு விதி வைத்து, 2024 மார்ச்சிலிருந்து கண்டிப்பாக்கியிருக்கிறார்கள். சாதாரணக் கைபேசியிலேயே அதைப் பிடித்துவிடலாம். பசறைத் தோட்டத்தில் இன்று கைபேசி இல்லாத வீடு குறைவு. அந்த விதி மட்டும் இங்கே வந்தால், பீலிக்கரையில் நிற்கும் அம்மாவுக்காக மகள் ஒரு நிமிஷத்தில் இலக்கத்தை எடுத்துக் கொடுப்பாள்.